வலைநூலில் தைத்த மனுக்கள்

கணவன், மனைவி இருவரும் அரசு வேலையில் இருந்தால், நிர்வாகத்துக்கு இடையூறு இல்லாமல், கூடுமானவரை, இருவரையும் ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும். விதி இதுதான். இதைப் படித்து நெகிழ்ந்து போகிறவர்கள் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்காதவர்கள். வேலை பார்த்தவன் கண்ணில் முதலில் படுவது 'கூடுமானவரை'. அடுத்தது 'இடையூறு இல்லாமல்'. இந்த இரண்டு சொற்களையும் நுழைத்தவர் யாராக இருந்தாலும், அவருடைய மனைவி அவரோடுதான் குடியிருந்திருப்பார் என்பது என் துணிபு.

என் மனைவி என்னோடு குடியிருக்கவில்லை. நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தின் கடிதப் பிரிவில் இருந்தேன். அவள் கீழவைப்பார்ப் பக்கம் கடலோரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. எண்பதுகளின் தொடக்கம் அது. சனிக்கிழமை மதியம் வேம்பார் பஸ்ஸில் வந்து இறங்குவாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவாள். நடுவில் இருக்கும் ஒன்றரை நாளில் துவைப்பதும், அரைப்பதும், விடைத்தாள் திருத்துவதும் போக எஞ்சிய நேரத்துக்குத்தான் குடும்பம் நடத்துவது என்று பெயர். மற்ற நாட்களில் நான் மெஸ்ஸில் சாப்பிட்டேன். அவள் ஒரு மீனவர் வீட்டுப் பக்கத்து அறையில் தானே பொங்கித் தின்றாள்.

என் அப்பா உடன்குடிப் பக்கம் கருப்பட்டிக் கடை வைத்திருந்தவர். விதிகளில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "ஏலே, அவள வேலைய விடச் சொல்லுதியா, இல்ல நீ அங்கன போயி மீன் பிடிக்கியா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு" என்பார். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, அதற்கு மனு என்று பெயர், அதை எழுதுவதில் இந்தக் கடற்கரையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

முதல் மனுவை நான் எழுதியபோது எங்கள் பிரிவே சுற்றி நின்று பார்த்தது. நான்கு பக்கம். தலையில் 'பொருள்', அதன்கீழ் 'பார்வை'. பார்வையில் அரசாணை, அந்த ஆணையின் திருத்தம், திருத்தத்துக்கு வந்த தெளிவுரை என்று வரிசையாக எட்டு இனங்கள். நான் மத்திய அரசு, அவள் மாநில அரசு. இரண்டு அரசுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட தம்பதிக்கு இந்த விதி பொருந்துமா என்று யாராவது கேட்டுவிட்டால்? யாரும் கேட்பதற்கு முன்பே அதற்கு ஒரு பக்கம் பதில் எழுதியிருந்தேன். வாசகம் என்னுடையது, கையெழுத்து மட்டும் அவளுடையது.

எங்கள் கண்காணிப்பாளரைப் பிரிவு முழுக்க அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு, "ஏலே, இதுக்கு எவனும் மறுப்பு எழுத முடியாதுலே" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். மறுப்பு வரவில்லை. எதுவுமே வரவில்லை.

பதில் வராத மனுவுக்கு நினைவூட்டு அனுப்புவது முறை. அனுப்பினேன். அதற்கும் பதில் வராவிட்டால் இரண்டாம் நினைவூட்டு. அதற்குப் பிறகு, நினைவூட்டுகளைச் சுட்டிக்காட்டிப் புதிய மனு. ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் போனவற்றையெல்லாம் பார்வையில் சுமந்துகொண்டு போனது. இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று. அந்த வருஷக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பஸ்ஸை விட்டு இறங்கி, பையைக்கூட வைக்காமல் அவள் சொன்னாள்:

"இந்தா பாருங்க, கோடை லீவு முடியுற வரைக்கும்தான் பார்ப்பேன். அதுக்குள்ள மாறுதல் வரலேன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்திருவேன். அதையாவது நீங்க எழுத வேண்டாம், நானே எழுதுதேன். சுருக்கமா இருக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளுக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் வகுப்பறையை விட்டுவிட்டு வந்து எனக்குத் தோசை சுட்டுப்போடுவதில் எனக்கு லாபம் இருக்கலாம். அந்தத் தோசையை நிம்மதியாகத் தின்ன முடியாது.

அன்று அவள் பையில் இருந்தது வழக்கமான விடைத்தாள் அல்ல. பழைய தாள்களைச் சேர்த்துத் தைத்த கட்டுகள். மீன்வலை பின்னுகிற நைலான் நூலால், வலைமுடிச்சுப் போட்டுத் தைத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வேலை.

"என்னளா டீச்சர், பள்ளிக்கூடத்துல பழைய பேப்பர் யாவாரம் ஆரம்பிச்சாச்சா?" என்றேன்.

அவள் கோபப்படாமல் விளக்கினாள். வகுப்பில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கட்டு. வருஷம் முழுக்க எழுதும் கட்டுரை, கடிதம், கதை எல்லாம் அதில் போகும். திருத்தி எழுதினாலும் பழையதைக் கிழிக்கக் கூடாது. புதியதை அதன்மேல் வைத்துத் தைக்க வேண்டும். ஒரு தாளை உருவினால்கூட டீச்சருக்குக் கோபம் வரும். பருவம் முடியும்போது அந்தப் பெண் தன் கட்டைத் தானே முதலிலிருந்து படித்து, முன்பக்கத்தில் ஒரு தாள் எழுத வேண்டும்: இதில் எனக்கு எது பிடித்திருக்கிறது, ஏன், எது பிடிக்கவில்லை, அடுத்த தடவை என்ன செய்வேன்.

நான் சொன்னேன்: "எங்க ஆபீசுலயும் அப்படித்தான். கோப்புல எல்லாம் பத்திரமா இருக்கு."

"யாராவது எடுத்துப் படிப்பீயளா?"

யோசித்துப் பார்த்தேன். கோப்பைத் திறப்போம்தான். ஆனால் அடுத்தவன் செய்த தவற்றைக் கண்டுபிடிக்கத் திறப்போமே ஒழிய, தான் எழுதியதைத் தானே படிக்க யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. அப்படிச் செய்கிறவனைத் தணிக்கைக்குப் பயந்தவன் என்று நினைப்போம்.

கட்டுகளில் ஒன்றை அவள் என்னிடம் நீட்டினாள். ஒரு பெண், 'முத்துக்குளித்தல்' என்று கட்டுரை எழுதியிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. பாண்டியர் கொற்கை, உலகப் புகழ், நீலக் கடலின் வெண்முத்து என்று வழிகாட்டி நூலில் உள்ளபடி அப்படியே இருந்தது. அந்தக் கரையில் முத்துக்குளிப்பு நின்றுபோய் வெகுநாளாயிற்று. ஆட்கள் சங்கு எடுக்கத்தான் முங்குகிறார்கள். அவள் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன சங்கதியை நேரில் பார்த்ததுபோல எழுதியிருந்தாள். முன்பக்கத் தாளில் அதே பெண் இப்படி எழுதியிருந்தாள்: "முதல் கட்டுரையில் முத்து இருக்கிறது. எங்க அப்பா இல்லை. அப்பா சங்கு குளிக்கப் போறாங்க. அடுத்தது அதை எழுதுவேன்." அதன் அடியில் அடுத்த கட்டுரையும் இருந்தது. அதில் அவள் அப்பா கரைக்கு வந்ததும் காது வலிக்கு எண்ணெய் விடச் சொல்லிக் கத்துகிறார்.

"நல்லாயிருக்கு" என்றேன். சும்மா ஒரு பேச்சுக்கு.

அதற்குள் அவள் அலமாரியைத் திறந்துவிட்டாள். நான் ஒழுங்கானவன், எல்லா மனுக்களுக்கும் கார்பன் நகல் வைத்திருந்தேன். அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, ஊசியில் நைலான் நூலைக் கோத்துத் தைத்து, மேலே ஒரு வெள்ளைத்தாளை வைத்து என் மடியில் போட்டாள்.

"படிங்க. படிச்சிட்டு முன்பக்கம் எழுதுங்க. எழுதாம சோறு கிடையாது."

பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன நாசரேத்தில் படித்து வளர்ந்தவள். அந்த ஊரில் படித்தவர்களுக்கு அடுத்தவர் எழுத்தைத் திருத்துவது மூச்சு விடுவதுபோல. எதிர்த்துப் பேசிப் பயனில்லை என்பதைக் கல்யாணமான முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டிருந்தேன்.

படித்தேன். தனித்தனியாக எழுதியபோது ஒவ்வொன்றும் எனக்கு ஒரு சாதனையாகத் தெரிந்தது. வரிசையாகப் படித்தபோது வேறு ஏதோ ஆனது. முதல் மனுவில் கோரிக்கை மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. அதுவும் ஒரு நீண்ட வாக்கியத்தின் வாலில். நினைவூட்டில் 'பார்வை ஒன்றில் கண்ட கோரிக்கை' என்று சுருங்குகிறது. அடுத்ததில் 'மேற்கண்ட பொருள்'. கடைசி மனுவில் கோரிக்கையே இல்லை. இந்தப் பெண்மணிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒருவர் பழைய கோப்புகள் நான்கைத் தேடி எடுக்க வேண்டும். எந்த எழுத்தர் எடுப்பார்? நான் எடுத்திருக்க மாட்டேன்.

அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "எந்த ஸ்கூல்னு எங்கனயாவது சொல்லியிருக்கீயளா?"

"தூத்துக்குடின்னு சொல்லியிருக்கேனே."

"ஊரு பூராவுக்கும் நானே பாடம் நடத்தவா?"

"அது அவுக பார்த்துப் போடணும். நாம இடத்தைச் சொன்னா அதிகாரிக்கு உத்தரவு போடுத மாதிரி இருக்கும்."

"ஆமா, ஒண்ணரை வருசமா ரொம்ப மரியாதையா இருந்திருக்கோம். இதுல நான் எங்க இருக்கேன், அதச் சொல்லுங்க."

தேடினேன். 'மனுதாரர்' இருந்தார். 'மேற்படியார்' இருந்தார். பெண்ணா ஆணா என்பதே இரண்டாம் பக்கத்துக்கு மேல்தான் தெரிகிறது.

முன்பக்கத் தாளை எழுதினேன். அவள் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இது ஆபீஸ் குறிப்பு. 'பரிசீலிக்கப்பட்டது'ங்குதீய, 'காணப்படுகிறது'ங்குதீய. யாரு பரிசீலிச்சது? எனக்குக் காட்டவேண்டாம், உங்களுக்கு நீங்களே எழுதுங்க." மறுபடி எழுதினேன். அதற்கும் முகம் சுளித்தாள். மூன்றாம் தடவை பசி தாங்காமல், மனத்தில் பட்டதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அதன் வாசகம் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. என் உத்தியோக வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் எனக்கு மனப்பாடமாக இருப்பது அது ஒன்றுதான்.

"முதல் மனுவில் எனக்குப் பிடித்தது இரண்டாம் பக்கம். அதில் விதியின் வரலாறு முழுவதும் இருக்கிறது. என் மனைவி இல்லை. கடைசி மனுவில் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. இதைப் படிக்கும் எழுத்தர் நானாக இருந்தால், 'தகவலுக்காக, கோப்பில் சேர்க்கவும்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவேன். அதிகாரி நானாக இருந்தால், முதல் பக்கம் முடியுமுன் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, எழுத்தர் எழுதியதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்குவேன். அடுத்த தடவை: யார், எங்கே, என்ன வேண்டும். அதற்கு மேலும் எழுதக் கை அரித்தால் அலுவலகத்தில் போய் எழுதிக்கொள்ளவும்."

சோறு கிடைத்தது. மீன் குழம்பு.

அதன்பின் வந்த சனிக்கிழமைகளில் புதிய மனுவை எழுதினோம். நான் எழுதுவேன், அவள் தைப்பாள், அடுத்த வாரம் இருவரும் உட்கார்ந்து போன வாரத்தையும் சேர்த்துப் படிப்போம். முதலில் எனக்கு இது பிள்ளை விளையாட்டாகத்தான் பட்டது. பிறகு ஒன்று பிடிபட்டது. ஒரு தாளை மட்டும் பார்க்கும்போது அதில் இருக்கும் பிழை தெரியும். கட்டாகப் பார்க்கும்போதுதான் நம்முடைய புத்தி எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறது. பயம் வந்தால் நான் விதியைச் சொல்வேன். தன்னம்பிக்கை வந்தால் இரண்டு விதிகளைச் சொல்வேன். இதை எந்த மேலதிகாரியும் எனக்குச் சொன்னதில்லை. அவர்களும் அப்படித்தான் எழுதினார்கள்.

கடைசியில் மனு அரைப் பக்கத்துக்கு வந்தது. "நான் கீழவைப்பார் பக்கத்துப் பள்ளியில் தமிழாசிரியை. என் கணவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். வாரத்தில் ஐந்து நாள் தனித்தனியே இருக்கிறோம். தூத்துக்குடிப் பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்துக்கு என்னை மாற்றக் கேட்டுக்கொள்கிறேன்." இங்கே நான் விட்டுவிட்ட பள்ளியின் பெயரும் விதியின் எண்ணும் மனுவில் இருந்தன. அவ்வளவுதான்.

அலுவலகத்தில் அண்ணாச்சியிடம் காட்டினேன். தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று.

"மிச்சம் எங்கலே?"

"இவ்வளவுதான் அண்ணாச்சி."

"ஏலே, இது மனுவா தந்தியா? பார்வை ஒண்ணையும் காணோம். உனக்கு வீட்டுல ஏதும் சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. அவ திருத்தினா."

"அதான் பார்த்தேன்" என்று தாளை மேசையில் வைத்தார். சாயங்காலம் வரைக்கும் என்னைப் பரிதாபமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனு உரிய வழியில், அதாவது அவளுடைய தலைமையாசிரியை மூலமாக, மேலே, கல்வி அலுவலகத்துக்குப் போயிற்று. அந்த அம்மையாரை ஊரில் பெரிய டீச்சர் என்பார்கள். மூன்றாம் வாரமே ஒரு கடிதம் வந்துவிட்டது. பதில் அல்ல, ஆனாலும் ஒரு மனிதர் படித்திருக்கிறார் என்பதற்கு அடையாளம். முந்தைய மனுக்களின் நகல்களை இணைத்து அனுப்பும்படி கேட்டிருந்தார்கள்.

கடிதம் வந்தது பள்ளிக்கு, வாரத்தின் நடுவில். கட்டும் அப்போது அவளிடம்தான் இருந்தது. பெரியவர்களும் திருத்தி எழுதுகிறார்கள் என்று வகுப்பில் காட்டக் கொண்டுபோயிருந்தாள். அது யார் எழுதியது என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லையாம், அவள் வாசிக்க வாசிக்கக் கேட்டுச் சிரித்தார்களாம். என்ன செய்யட்டும் என்று கேட்டு வேம்பார் பஸ் கண்டக்டரிடம் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினாள். நான் திரும்ப எழுதியனுப்பினேன். கட்டளைகள் எழுதும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை: "அனைத்தையும், கால வரிசைப்படி, எந்தத் தாளையும் விடாமல், பக்க எண் இட்டு, இணைத்து அனுப்பவும்."

அந்தச் சனிக்கிழமை அலமாரியில் கட்டை வைக்க இடம் ஒதுக்கிவிட்டுக் கேட்டேன். "கட்டு எங்க?"

"அனுப்பியாச்சே."

"நகல்களைத்தான அனுப்பினே? மேல இருந்த தாளு?"

"அதுதான் பக்கம் ஒண்ணு. பெரிய டீச்சரே சிவப்பு மையில நம்பர் போட்டாக."

கட்டிலில் உட்கார்ந்தேன்.

"ஏளா, அதுல அந்த அதிகாரி தூங்குவாருன்னு எழுதியிருக்கேன்!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிர்ச்சியில் என்று முதலில் நினைத்தேன். சிரிப்பை அடக்க.

"எந்தத் தாளையும் விடாமன்னு நீங்கதான எழுதினீய? கட்டுல ஒரு தாளை உருவக் கூடாதுன்னு பிள்ளையள ஏசுதவ நான். எம்புருசன் கட்டுன்னா உருவிரலாமா?"

பிறகு சிரிப்பு அடங்கி அவளும் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். கெட்டது நடந்துவிட்டது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. திரும்பப் பெற வழி உண்டா என்று நான் யோசித்தேன். உண்டு. 'கவனக்குறைவால் இணைக்கப்பட்ட தாளைத் திருப்பி அனுப்பக் கோருதல்' என்று ஒரு மனு எழுதலாம். அதை எழுதினால் அந்தத் தாளை இதுவரை படிக்காதவரும் படித்துவிடுவார். முறைகள் அனைத்தும் தெரிந்தவனுக்கு இதுதான் கஷ்டம். எந்தக் கதவு எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

ஏப்ரல் போயிற்று. பள்ளிக்கூடம் அடைத்து அவள் வீட்டுக்கு வந்தாள். போன கோடை லீவுக்குப் பிறகு ஒரு மாதம் முழுசாகச் சேர்ந்து இருந்தது அப்போதுதான். அந்த மாதம் நன்றாகத்தான் இருந்தது, தபால்காரர் மணி கேட்கும்போதெல்லாம் நான் வாசலுக்கு ஓடியதைத் தவிர. மே நடுவில் என் அப்பா வந்து இரண்டு நாள் தங்கினார். போகும்போது அவளிடம், "தாயி, வேலைய விட்டுராத, இவன நம்பி இருக்க முடியாது" என்றார். அவர் கட்சி மாறியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மே கடைசி வாரத்தில் அவள் ராஜினாமாவை எழுதினாள். மேசையில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். எடுத்துப் பார்த்தேன். இரண்டு வரி. யார், எங்கே, என்ன வேண்டும் எல்லாம் இருந்தன. திருத்தம் சொல்ல ஓர் இடம் கிடைக்குமா என்று மூன்று தடவை படித்தேன். கிடைக்கவில்லை. பேனாவை மூடிவைத்தேன். ஜன்னல் வழியே உப்பளத்துக் காற்று வந்து அந்தத் தாளை அசைத்தது. பறந்து போய்விடக் கூடாது என்று மேலே டம்ளரை வைத்தேன். பிறகு டம்ளரை எடுத்துவிட்டேன். தாள் பறக்கவில்லை.

மாறுதல் ஆணை பள்ளிக்குத்தான் போயிருந்தது. பள்ளி அடைத்திருந்ததால் அங்கேயே கிடந்திருக்கிறது. மறுநாள் பள்ளி திறக்க வேண்டுமே என்று அறையைச் சுத்தம் செய்ய வந்த பெரிய டீச்சர் கண்ணில் பட்டு, அந்த அம்மையார் எந்த முறையையும் பார்க்காமல் கவரைக் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பிவிட்டார். மதியப் பஸ்ஸில் வந்த கண்டக்டர் தெருவில் நின்று, "டீச்சர், உங்களுக்கு ஒரு பொட்டலம்!" என்று கத்தினார்.

பொட்டலத்தில் எங்கள் கட்டு இருந்தது. ஒரு தாள்கூடக் குறையவில்லை. முதல் பக்கத்தில், அதிகாரி தூங்குவார் என்று நான் எழுதிய இடத்தில், ஓரத்தில் பச்சை மையில் 'சரி' என்று ஒரு சிறிய குறி. பச்சை மை அதிகாரிகள் மட்டும் பயன்படுத்துவது. மேலே ஆணை. கேட்ட பள்ளி, கேட்ட இடம், பள்ளி திறக்கும் நாளன்றே பணியில் சேர வேண்டும். அதன் பார்வையில் எங்கள் மனுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கடைசி இனமாக இது இருந்தது: "மனுதாரரின் கணவர் தம் மனுக்களைப் பற்றித் தாமே எழுதிய பக்கம், நாள் இல்லை."

அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். "தேதி போடலையா நீங்க?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே மேசையிலிருந்த இரண்டு வரித் தாளை எடுத்துக் கட்டின் அடியில் செருகினாள், அதுவும் எழுத்துதானாம்.

ஆணையில் போட்டிருந்த நாள் ஏப்ரலின் கடைசி. அது எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது மே முப்பத்தொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.